எட்டு வயது மகனுக்குச் சிறுநீரகக் கல்: எந்தச் சிகிச்சை, எந்தப் பரிசோதனைக்குப் பிறகு?

மலேசியாவின் செபராங் பிறையில் வசிக்கும் ஒரு தாயின் கடிதம் இது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய எட்டு வயது மகனுக்கு மூன்று மாதங்களாக வலப்பக்க விலாவுக்குக் கீழே விட்டுவிட்டு வலி வந்திருக்கிறது. ஒரு நாள் சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போகவே, தனியார் மருத்துவமனை ஒன்றில் அல்ட்ராசவுண்ட் எடுத்திருக்கிறார்கள். வலது சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணத்தில் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணம் போன்ற அறைகளில் கீழே இருப்பது) 14 மில்லிமீட்டர் அளவுள்ள கல்லும், இடது சிறுநீரகத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் சிறு கல் ஒன்றும் தெரிந்தன. அங்கிருந்த மருத்துவர் வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கலாம் என்றார். இரண்டாவது கருத்துக்காகச் சென்ற இடத்தில் குறைந்த கதிர்வீச்சில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், கல் கடினமானது, சி.டி. காட்டும் அடர்த்தி 1100 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல் இருக்கிறது, முதுகு வழியாகச் சிறு துளையிட்டு எடுப்பதே நல்லது என்றார்.

வீட்டிலும் ஆளுக்கொரு கருத்து. ஒரே தடவையில் வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறார் கணவர். அவருடைய அண்ணனுக்கு இளம் வயதில் அப்படித்தான் செய்தார்களாம். சின்னப் பிள்ளையின் உடலில் கத்தி படவே கூடாது, நாளைக்கு அவனுக்குக் குழந்தை பிறக்காமல் போய்விடும் என்று மாமியார் அஞ்சுகிறார். இதற்கிடையில் பால், தயிர், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தினமும் வாழைத்தண்டுச் சாறு கொடுத்து வருகிறார்கள். இரண்டு மருத்துவர்களில் யார் சொல்வது சரி, மருந்திலேயே கரைக்க முடியாதா, மயக்க மருந்து அவன் மூளையைப் பாதிக்குமா, செலவை எப்படிச் சமாளிப்பது, அவன் மறுபடியும் கால்பந்து விளையாடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது கல்லின் அளவோ சிகிச்சை பற்றிய குழப்பமோ அல்ல. கடைசிப் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது இரண்டு செய்திகளைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணவர் உங்கள் சொந்த அத்தை மகன் என்பது ஒன்று. கல்லுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட கணவரின் அண்ணன், நாற்பதுகளிலேயே இப்போது டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நீங்கள் பார்த்த எந்த மருத்துவரிடமும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அடுத்த முறை போகும்போது முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவசரம் பற்றி

காய்ச்சல் இல்லை, வலி தாங்கக்கூடியதாக இருக்கிறது, சிறுநீர் தடையின்றிப் போகிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையில் அவன் வயதுக்குரிய அளவில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அடுத்த வாரமே அறுவை சிகிச்சை அறைக்குள் கொண்டுபோக வேண்டிய நிலை இல்லை. சில வாரங்கள் எடுத்துக்கொண்டு, செய்ய வேண்டிய பரிசோதனைகளைச் செய்து, நிதானமாக முடிவெடுக்கலாம். அதற்காக ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை வரை தள்ளிப்போடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கிண்ணத்தில் இருக்கும் கல் வளரும். ஒரு துண்டு நகர்ந்து சிறுநீர்க்குழாயை அடைத்தால் நிலைமை ஒரே இரவில் மாறிவிடும்.

வலியுடன் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலும், வாந்தி நிற்காமல் போனாலும், சிறுநீர் வெகுநேரம் வராமல் இருந்தாலும், நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அடைப்பும் கிருமித் தொற்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் யாரும் கல்லை உடைக்க மாட்டார்கள். உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்துத் தேங்கிய சிறுநீரை வடியவிட்டு, தொற்றைக் கட்டுப்படுத்திய பிறகே கல்லைத் தொடுவார்கள். கல்லை எடுக்காமல் குழாய் மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்களே என்று பெற்றோர் கோபப்படுவது உண்டு. அந்தக் கட்டத்தில் அதுதான் சரியான சிகிச்சை.

கல்லை எடுக்கும் வழிகள்

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதால், ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறாரோ என்று உங்கள் கணவர் சந்தேகப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் மருத்துவரின் கையில் அல்ட்ராசவுண்ட் மட்டுமே இருந்தது. குழந்தைக்குக் கதிர்வீச்சு வேண்டாம் என்று அவர் அத்துடன் நிறுத்திக்கொண்டதும் முறையானதே. கல்லின் அளவு அதில் தெரியும். எவ்வளவு கடினம் என்பது தெரியாது. அது தெரிந்த பிறகு பேசியவர் இரண்டாமவர். அவர் முன்னால் இருந்த தகவல் வேறு, ஆகவே பரிந்துரையும் வேறு.

அதிர்வலை முறையில் உடலில் எங்கும் வெட்டு இல்லை. வெளியே உண்டாகும் அழுத்த அலைகளைக் கல்லின் மேல் குவித்து அதைப் பொடியாக்குகிறார்கள். பொடி சிறுநீரோடு வெளியேற வேண்டும். 1980-இல் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இது செய்யப்பட்டது. சில ஆண்டுகளிலேயே குழந்தைகளுக்கும் வந்துவிட்டது. குழந்தைகளின் சிறுநீர்க்குழாய் குட்டையானது, நன்றாக விரிந்து கொடுக்கக்கூடியது. அதனால் உடைந்த துண்டுகளைப் பெரியவர்களைவிட அவர்கள் எளிதாக வெளியேற்றுகிறார்கள். சிறுநீரகத்தின் வளர்ச்சி இதனால் நின்றுவிடுமோ என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. குழந்தைகளுக்கு உரிய குறைந்த விசையில் செய்யப்படும்போது அப்படி நிலையான பாதிப்பு ஏற்படுவதாகத் தொடர் கண்காணிப்புகளில் உறுதிப்படவில்லை.

ஆனால் உங்கள் மகனின் கல் கீழ்க்கிண்ணத்தில் இருக்கிறது. அங்கே உடையும் துண்டுகள் மேல்நோக்கி ஏறித்தான் வெளியேற வேண்டும். கிண்ணத்தின் கழுத்து குறுகலாகவோ நீளமாகவோ இருந்தால் பாதித் துண்டுகள் அங்கேயே தங்கிவிடும். 1000 அலகுக்கு மேல் அடர்த்தியுள்ள கல் அதிர்வலைக்கு எளிதில் உடைவதும் இல்லை. ஒரே தடவையில் முடியாமல் இரண்டு, மூன்று தடவை செய்ய நேரலாம். எட்டு வயதுப் பிள்ளை அசையாமல் படுத்திருக்க மாட்டான் என்பதால் பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் மயக்க மருந்து வேண்டும். வெட்டே இல்லாத சிகிச்சை என்பதால் இதுவே மிகவும் இலகுவானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு வழியும் இருக்கிறது. சிறுநீர் வரும் பாதை வழியாகவே வளையும் தன்மையுள்ள மெல்லிய அகநோக்கியை (உள்ளே பார்க்கும் கேமரா பொருத்திய குழாயை) சிறுநீரகம் வரை செலுத்தி, லேசர் கதிரால் கல்லைத் தூளாக்குவது. இதிலும் வெட்டு இல்லை, தழும்பு இல்லை. கருவியின் பருமன் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர்தான். ஆயினும் எட்டு வயதுக் குழந்தையின் சிறுநீர்க்குழாய் அதைக்கூட முதல் தடவையில் ஏற்காமல் போகலாம். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் குழாய் கிழியும், பின்னால் சுருங்கிவிடும். ஆகவே நல்ல மருத்துவர் அங்கேயே நிறுத்திவிட்டு டி.ஜே. ஸ்டென்ட் எனப்படும் மென்குழாயை வைத்து வெளியே வந்துவிடுவார். ஓரிரு வாரங்களில் குழாய் தானாக விரிந்த பிறகு மறுபடியும் மயக்கம், லேசர். முடிந்ததும் பெரும்பாலும் இன்னொரு ஸ்டென்ட். அதை எடுக்க இன்னொரு சிறு மயக்கம். கணக்குப் பார்த்தால் மூன்று மயக்கங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆகும் என்றில்லை. ஒரே தடவையில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால், ஸ்டென்ட் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, இரண்டாம் மருத்துவர் சொன்ன முதுகுத்துளை முறை. அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே துணையுடன் விலாவுக்குக் கீழிருந்து ஓர் ஊசியைக் கல் இருக்கும் கிண்ணத்துக்குள் செலுத்தி, அந்தப் பாதையைச் சற்று விரித்து, அதன் வழியே அகநோக்கியை நுழைத்துக் கல்லை உடைத்துத் துண்டுகளை அங்கேயே வெளியே எடுக்கிறார்கள். 1976-இல் சுவீடனில் இருவர் இம்முறையை வெளியிட்டபோது இது பெரியவர்களுக்கானது. அதற்குரிய குழாய் 8 முதல் 10 மில்லிமீட்டர் பருமன் கொண்டது. குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது மிகப் பெரிய பாதை. 1990-களின் இறுதியில்தான் குழந்தைகளை மனத்தில் வைத்துக் கருவிகளைச் சிறிதாக்கத் தொடங்கினார்கள். இன்று ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பாதையிலேயே இந்த வேலை நடக்கிறது. இன்னும் மெல்லிய கருவிகளும் இருக்கின்றன. கடினமான கல், கீழ்க்கிண்ணத்தில் உள்ள கல் ஆகியவற்றை ஒரே தடவையில் முழுமையாக எடுத்துவிடும் வாய்ப்பு மூன்று முறைகளில் இதற்கே அதிகம். இரண்டு, மூன்று நாள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கும்.

துளை சிறியது என்பதால் இது சிறிய அறுவை சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரி. பாதை சிறுநீரகத்தின் திசுவினூடே போகிறது. அங்கே இரத்தம் ஏராளம். இரத்தக் கசிவு ஏற்பட்டு ஒரு சில குழந்தைகளுக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வருகிறது. காய்ச்சலும் தொற்றும் வரலாம். அரிதாக நுரையீரல் உறையோ குடலோ காயப்படலாம். இதைச் செய்பவரின் அனுபவமும், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய நிபுணர் உடனிருப்பதும், சிறிய அளவுக் கருவிகள் அந்த மருத்துவமனையில் உண்மையிலேயே இருப்பதும் இங்கே மிக முக்கியம். பெரியவர்களுக்கு மாதந்தோறும் செய்பவர் என்பது போதாது. உங்கள் மகன் வயதுக் குழந்தைகளுக்குச் செய்திருக்கிறாரா, எந்தப் பருமனுள்ள குழாயைப் பயன்படுத்துவார் என்று நேரடியாகக் கேளுங்கள். இப்படிக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிக்க மாட்டார்.

கணவர் விரும்பும் திறந்த அறுவை சிகிச்சைக்கு இன்றும் இடம் உண்டு, ஆனால் மிகக் குறைவு. சிறுநீரகத்திலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் பிறவிக் குறுக்கம் இருந்து அதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றாலோ, உடலமைப்பு மிகவும் மாறுபட்டிருந்தாலோதான் அதை நினைப்போம். அவற்றில் பலவற்றைக்கூட இப்போது சிறு துளைகள் வழியாகக் கேமரா கொண்டு செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் செய்துவிடுகிறார்கள். திறந்து எடுத்தால் கல் மறுபடியும் வராது என்று அவர் நம்புவதுதான் அடிப்படைப் பிழை. எந்தப் பாதையில் எடுத்தாலும், கல்லை உண்டாக்கிய உடல் அப்படியேதான் இருக்கிறது. அவருடைய அண்ணனே அதற்குச் சான்றாக இருக்கலாம்.

நீங்கள் எழுதியவற்றை மட்டும் வைத்து, படங்களைப் பார்க்காமல் சொல்வதானால், சிறிய அளவு முதுகுத்துளை முறையே உங்கள் மகனுக்கு அதிகம் பொருந்துவதாக எனக்குப் படுகிறது. அடுத்த இடம் வளையும் அகநோக்கிக்கு. இடப்பக்கத்து 3 மில்லிமீட்டர் கல்லை இப்போது யாரும் தொட வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்டில் கண்காணித்தால் போதும்.

அச்சங்களுக்குச் சுருக்கமான பதில்

மயக்க மருந்து பற்றி நீங்கள் படித்த எச்சரிக்கை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் வெளியிட்டது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் மயக்கத்தைப் பற்றியே அது பேசியது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். ஆனாலும் மயக்கங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியைத் தேர்வது எந்த வயதிலும் விவேகமே.

மாமியாரான உங்கள் அத்தையிடம் தயங்காமல் சொல்லுங்கள்: சிறுநீரகத்தில் செய்யும் இந்தச் சிகிச்சைகளில் எதுவும் விதைப்பைக்குப் போவதில்லை. எக்ஸ்ரே பயன்படுத்தினாலும் அதன் நேரத்தையும் பரப்பையும் சுருக்கி, முடிந்த இடங்களில் மறைப்பும் வைக்கிறார்கள். பிற்காலத்தில் தந்தையாகும் தகுதியை இது பறிக்காது.

பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் அவனுக்கு ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களில் ஒரு நொதி குறைவது) இருப்பதாகச் சொல்லியிருந்தால், அந்த அட்டையை மறக்காமல் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகளை அக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஏன் கல் வந்தது

இப்போது நான் முதலில் குறிப்பிட்ட விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்களுக்குக் கல் வந்தால் தண்ணீர் குடிக்காதது, உணவு, உடல் பருமன் என்று பழக்கவழக்கத்தில் காரணம் தேடுவோம். குழந்தைக்கு வந்தால் அப்படி விட்டுவிட முடியாது. கல் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ உடலின் வேதியியலில் ஏதோ ஒரு கோளாறு காணப்படுகிறது. சிறுநீரில் கால்சியம் அளவுக்கு மீறிப் போகலாம். கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் குறைவாக இருக்கலாம். சிஸ்டைன் எனும் அமினோ அமிலம் கசியலாம். ஆக்சலேட் மிகுதியாகச் சுரக்கலாம். எட்டு வயதில் இரண்டு சிறுநீரகங்களிலும் கல் என்பது இந்தத் தேடலை இன்னும் அவசியமாக்குகிறது.

கடைசியாகச் சொன்ன ஆக்சலேட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதன்மை ஆக்சலேட் மிகைச் சுரப்பு என்றொரு பரம்பரை நோய் உண்டு. கல்லீரலில் ஒரு நொதி சரியாக வேலை செய்யாததால் ஆக்சலேட் அளவுக்கதிகமாக உற்பத்தியாகிச் சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. கல் திரும்பத் திரும்ப வரும். கண்டுபிடிக்காமல் விட்டால் சிறுநீரகமே செயலிழக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுள்ள மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும் என்பதால், நெருங்கிய உறவில் மணந்தவர்களின் குழந்தைகளிடம் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. கணவரின் அண்ணனுக்கு இளம் வயதில் கல், நாற்பதுகளில் டயாலிசிஸ். உங்கள் மகனுக்கு எட்டு வயதில் இருபுறமும் கல், அதுவும் மிகக் கடினமான கல். நீங்களும் கணவரும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள். உங்கள் மகனுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. அண்ணனின் சிறுநீரகம் பழுதானதற்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ காரணமாக இருக்கலாம். ஆனால் இவ்வளவும் ஒரே குடும்பத்தில் சேர்ந்திருக்கும்போது, இதைச் சோதித்து விலக்காமல் விடுவது சரியல்ல. மணம் முடித்த உறவுக்காக உங்களையோ பெரியவர்களையோ யாரும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவருக்கு அது ஒரு தகவல், அவ்வளவே.

இதைச் சோதிக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு வேளைச் சிறுநீரில் ஆக்சலேட், கிரியேட்டினின் விகிதத்தை முதற்கட்டமாகப் பார்க்கலாம். அது மிகுதியாக இருந்தால் மரபணுப் பரிசோதனை. நோய் உறுதியானால் நிறைய தண்ணீர், சிட்ரேட், சிலருக்கு வைட்டமின் பி6 என்று உடனே தொடங்க முடியும். கல்லீரலில் ஆக்சலேட் உற்பத்தியையே குறைக்கும் லூமாசிரான் எனும் ஊசி மருந்துக்கு 2020-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. முன்பெல்லாம் பலருக்குக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றுவதைத் தவிர வழியில்லாமல் இருந்த நோய் இது. இந்த ஒரு பரிசோதனையையாவது அறுவை சிகிச்சைக்கு முன்பே செய்துவிடச் சொல்கிறேன்.

மற்ற பரிசோதனைகளில் இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், பைகார்பனேட், யூரிக் அமிலம் ஆகியவை அடங்கும்; சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனையைச் சிகிச்சைக்கு முன் கட்டாயம் செய்வார்கள். 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பைக் கல் எடுத்துக் குறைந்தது ஒரு மாதம் கழித்து, அவன் வழக்கமாக உண்ணும் உணவை உண்டுகொண்டிருக்கும் நாளில் செய்வதே பயன் தரும். பள்ளி நாளில் அது நடக்காது. சனிக்கிழமை காலை முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு அதன் பிறகு வருவதையெல்லாம், ஞாயிறு காலை முதல் சிறுநீர் உட்பட, அவர்கள் கொடுக்கும் போத்தலில் சேர்த்தால் போதும். ஒரு தடவை தவறிவிட்டாலும் மறைக்காதீர்கள். அந்தக் கணக்கு தவறான மருந்துக்குக் கொண்டுபோய்விடும்.

எடுக்கும் கல்லை ஆய்வுக்கு அனுப்புமாறு எழுத்திலேயே கேளுங்கள். எத்தனையோ பெற்றோர் அதைச் சிறு புட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அது நினைவுப்பொருள் அல்ல; எந்த வகைக் கல் என்று தெரிந்தால்தான் அடுத்ததைத் தடுக்க முடியும்.

வாழைத்தண்டு, பால், பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல்

வாழைத்தண்டுச் சாற்றால் நீர் உள்ளே போகிறது என்ற அளவில் நன்மையே. ஆனால் இந்த அடர்த்தியுள்ள 14 மில்லிமீட்டர் கல்லை அது கரைக்காது. மருந்தால் நன்றாகக் கரையக்கூடியது யூரிக் அமிலக் கல். சிஸ்டைன் கல்லுக்கும் ஓரளவு மருந்து உதவும். கால்சியம் கற்களை வாய்வழி மருந்து எதுவும் கரைப்பதில்லை. இன்னொரு எச்சரிக்கை: கல்லுக்கு நல்லது என்று சிலர் பிலிம்பிங் எனும் நட்சத்திரப் பழச் சாற்றைப் பரிந்துரைக்கிறார்கள். அதில் ஆக்சலேட் மிக அதிகம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது மூளையையே பாதிக்கும் நஞ்சாகும். மகனுக்கும் வேண்டாம், டயாலிசிஸ் செய்யும் பெரியப்பாவுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். மிட்டாய் போலச் சப்பும் வைட்டமின் சி மாத்திரைகளையும் நிறுத்திவிடுங்கள். மிகையான வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறுகிறது.

பாலை நிறுத்தியது தவறு. இன்றைக்கே மறுபடியும் கொடுங்கள். உணவில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகிறது. கால்சியத்தைக் குறைத்தால் ஆக்சலேட் தடையில்லாமல் இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகும். வளரும் எலும்பும் நலியும். அவன் வயதுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு கோப்பைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் இருக்கிறது. பாலும் தயிரும் நெத்திலியும் உணவோடு சேர்ந்து போகட்டும்.

குறைக்க வேண்டியது உப்பு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். அவன் வாரத்தில் நான்கு நாள் இன்ஸ்டன்ட் மீ சாப்பிடுகிறான் என்கிறீர்கள். அவற்றில் பலவகையில் ஒரே பொட்டலத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உகந்த சோடியத்தில் பாதிக்கும் மேல் இருக்கிறது. கெரொப்பொக், சாசேஜ், கருவாடு ஆகியவையும் அந்தக் கணக்கில்தான் சேரும். பாயம் கீரையும் பசலையும் ஆக்சலேட் மிகுந்தவை. பரிசோதனை முடிவு வரும் வரை அளவோடு இருக்கட்டும்.

காலையில் கொடுத்தனுப்பும் அரை லிட்டர் போத்தல் மதியம் பாதியோடு திரும்பி வருகிறது என்றும், பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் வீடு வரும் வரை அடக்கிக்கொள்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லா வீட்டுக் கதையும் இதுதான். அவன் வயதில் நாளொன்றுக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் நீராகாரம் உள்ளே போக வேண்டும். நம் ஊர் வெயிலில் கால்பந்து ஆடும் நாள்களில் இன்னும் கூடுதலாகவே வேண்டும். வகுப்பாசிரியரிடம் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து, வகுப்பு நேரத்திலும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேளுங்கள். சிராப்பும் இனிப்பு பானங்களும் தண்ணீர்க் கணக்கில் சேராது. சிறுநீர் வெளிர் நிறத்தில் போகிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

செலவும் உரிமையும்

மகனுக்கு மருத்துவக் காப்புறுதி அட்டை எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மலேசியாவில் பெரும்பாலான மருத்துவக் காப்புறுதிகளில் சிறுநீர்க் கற்கள் ‘குறிப்பிட்ட நோய்கள்’ பட்டியலில் இருக்கின்றன. முதல் 120 நாள்களுக்குள் தெரியவந்தால் இழப்பீடு கிடைக்காது. பிறவி, பரம்பரை நோய்களுக்கும் தனி விலக்குகள் உண்டு. செலவை ஏற்பதாகக் காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உத்தரவாதக் கடிதம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் தேதி குறிக்காமல், பாலிசியின் அந்தப் பகுதியை முகவரோடு உட்கார்ந்து படியுங்கள். வலி தொடங்கிய தேதியை மாற்றி எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிறகு பாலிசியே ரத்தாகும்.

தனியார் மருத்துவமனையானால் மொத்தச் செலவின் மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. மருத்துவர்களின் கட்டணத்துக்கு 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளில் உச்சவரம்பு இருக்கிறது. கருவி, லேசர், அறை ஆகியவற்றுக்கு மருத்துவமனை வாங்கும் கட்டணம் அதில் வராது, பில் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். ஸ்டென்ட்டை எடுப்பதற்கான இரண்டாவது வருகை மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அரசாங்க மருத்துவமனையை நீங்கள் ஏன் ஒதுக்கினீர்கள் என்று தெரியவில்லை. பினாங்கு பொது மருத்துவமனையில் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவும் சிறுநீரியல் பிரிவும் இருக்கின்றன. கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்றே அமைந்தது; மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் உண்டு. குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் மிகக் குறைவு. காத்திருக்கும் காலம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பரம்பரை நோய் இருக்கலாம் என்ற ஐயம் உள்ள குழந்தைக்கு அறுவை மருத்துவர் மட்டும் போதாது. குழந்தைகள் சிறுநீரக நிபுணரும் மரபணு நிபுணரும் சேர்ந்து பார்க்க வேண்டும், அவர்கள் ஒன்றாகக் கிடைப்பது இத்தகைய இடங்களில்தான். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கேசிஹாத்தானிலோ இப்போது பார்க்கும் மருத்துவரிடமோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சி.டி. ஸ்கேன் படங்களைக் குறுந்தட்டில் பதிவு செய்து கேட்டுப் பெறுங்கள். இல்லையென்றால் அடுத்த இடத்தில் மறுபடியும் ஸ்கேன் எடுத்து, வேண்டாத கதிர்வீச்சு அவன் உடலில் சேரும்.

பதினெட்டு வயது வரை ஒப்புதல் கையெழுத்து பெற்றோருடையது. தாளை நீட்டியதும் போட்டுவிடாதீர்கள். முழுக் கல்லும் வராவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள், இரத்தம் ஏற்ற நேரிடுமா, எத்தனை மயக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இடுங்கள். கணவரும் உடன் இருக்கட்டும். மகனிடமும் அவனுக்குப் புரியும் அளவில் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசியே இல்லை என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனால் அடுத்த தடவை அவன் உங்களை நம்ப மாட்டான்.

நான்கு வயது மகளுக்கும் கல் இருக்குமோ என்று அஞ்சுகிறீர்கள். மகனின் பரிசோதனையில் ஆக்சலேட் மிகைச் சுரப்பு போல இரு பெற்றோரிடமிருந்தும் வரும் பரம்பரை நோய் தெரியவந்தால், அவளுக்கும் அது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்போது வலி வரும் வரை காத்திராமல் அவளுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் செய்ய வேண்டும். மகனுக்கு எதுவும் தெரியாவிட்டால் இப்போதைக்கு அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

கால்பந்தைப் பொறுத்தவரை, இப்போது வலி இல்லாத நாள்களில் அவன் விளையாடத் தடையில்லை. முதுகுத்துளை முறையில் செய்தால் அதன் பிறகு நான்கு வாரம் வரை ஓட்டமும் மோதலும் வேண்டாம். ஸ்டென்ட் உள்ளே இருக்கும் வரை ஓடியாடினால் சிறுநீரில் இரத்தம் கலந்து வரும், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வும் இருக்கும். அதை எடுத்து, அல்ட்ராசவுண்டில் வீக்கம் எதுவும் இல்லையென்று மருத்துவர் பார்த்த பிறகு திடலுக்கு அனுப்பலாம், பெரிய தண்ணீர்ப் போத்தலோடு.